சுத்திகரிப்பு நிலையம் சரியாக இயங்கியும் ஆறு பச்சையான கோடை: போடோமாக், 1983

பின்னணி

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தென்கோடியில், போடோமாக் ஆற்றங்கரையில் ப்ளூ ப்ளெயின்ஸ் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வாஷிங்டன் நகரம் முழுவதிலிருந்தும், ஒட்டியிருக்கும் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலப் பகுதிகளிலிருந்தும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கழிவுநீர் இங்கே வந்து சேர்கிறது. இன்று இதன் திறன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 145 கோடி லிட்டர். உலகத்தில் இந்த வகையில் மிகப் பெரியவற்றில் ஒன்று.

1930களின் கடைசியில் இது தொடங்கியபோது, கழிவுநீரைத் தொட்டியில் தேக்கி, அடியில் படிகிற கசடை எடுத்துவிட்டு மீதியை ஆற்றில் விடுவது மட்டும்தான் நடந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் தலைநகரின் மக்கள்தொகை வேகமாகக் கூடியது. நிலையம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. நுண்ணுயிர்களைக் கொண்டு கரிமக் கழிவைச் சிதைக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு 1959இல்தான் வந்தது.

இடத்தின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். வாஷிங்டனுக்குக் கீழே போடோமாக் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறி இறங்கும் ஆறு. ஆனால் அங்கே நீர் உப்பாக இருக்காது, நன்னீர்தான். நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் நேராகக் கடலுக்குப் போய்விடாது. ஓதத்தோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டு, கோடையில் மேலிருந்து வரத்து குறைந்தால் வாரக்கணக்கில் அதே பகுதியில் தங்கும். வெயில், வெதுவெதுப்பான தேங்கிய நீர், அதில் நகரத்தின் சத்து எல்லாம் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசிக்கு வேறென்ன வேண்டும்? 1960களின் கோடைகளில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசி ஆற்றின் மேல் மைல் கணக்கில் படர்ந்தது. 1965இல் நீர்த்தரச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சன், போடோமாக்கை அழுகும் கழிவும் பாசியும் நிறைந்த ஆறு என்று வெளிப்படையாகவே சொன்னார். 1975க்குள் மக்கள் இதில் மீண்டும் நீந்துவார்கள் என்றும் வாக்குக் கொடுத்தார்.

எடுத்த முதல் முடிவு: பாஸ்பரஸைப் பிடி

பாசிக்கு முக்கியமாக வேண்டிய இரண்டு சத்துகள் பாஸ்பரஸும் நைட்ரஜனும். 1969இல் மத்திய அரசும் மாநிலங்களும் கூடிப் பேசியபோது இரண்டையும் குறைக்க வேண்டும் என்றுதான் பரிந்துரை வந்தது. ஆனால் நைட்ரஜனை முழுதாக நீக்குவதற்குச் செலவு அதிகம், அந்த அளவில் செய்து பார்த்த அனுபவமும் குறைவு. நன்னீரில் பாசியைக் கட்டுப்படுத்தப் பாஸ்பரஸ் போதும் என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. எனவே 1970களில் நைட்ரஜன் நீக்கத்தைத் தள்ளிவைத்தார்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பகுதியை மட்டும் கட்டினார்கள். அது ஆற்றின் ஆக்சிஜனைக் காப்பாற்றுவதற்காக. நைட்ரஜன் வேறு வடிவத்தில் ஆற்றுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது.

பாஸ்பரஸ் நீக்கம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், பின்னால் வருகிற சிக்கலின் முடிச்சு இதே வேதியியலில்தான் இருக்கிறது. கழிவுநீரில் பாஸ்பரஸ் பெரும்பாலும் பாஸ்பேட் என்ற வடிவில் கரைந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, தானாகப் படியவும் படியாது. அதில் இரும்பு உப்பை, பெரும்பாலும் ஃபெரிக் குளோரைடை, அளவாகச் சேர்ப்பார்கள். துருநிறத்தில் சிறு சிறு திரள்கள் உருவாகும். பாஸ்பேட் அந்த இரும்போடு ஒட்டிக்கொண்டு தொட்டியின் அடியில் இறங்கும். தப்பித்து மேலே வரும் நுண்ணிய திரள்களைக் கடைசியில் மணலும் ஆந்த்ரசைட் நிலக்கரியும் அடுக்கிய வடிகட்டி பிடித்துக்கொள்ளும். ப்ளூ ப்ளெயின்ஸுக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் பாஸ்பரஸ். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் சாதாரணமாக இருப்பது லிட்டருக்குச் சில மில்லிகிராம். இவ்வளவு பெரிய நிலையத்தில், ஒவ்வொரு நாளும், மழையிலும் குளிரிலும் 0.18இல் நிற்பது எளிதான காரியமில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வாஷிங்டன் வட்டாரம் முழுக்கச் சுத்திகரிப்புக்காகச் செலவானது ஏறத்தாழ 100 கோடி டாலர். 1970களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால், 1980களில் நிலையங்களிலிருந்து ஆற்றுக்குப் போன பாஸ்பரஸில் மிகப் பெரும்பகுதி குறைந்துவிட்டது. 1970களின் பிற்பகுதியில் பாசியும் அடங்கியது. வெற்றி என்று பேச ஆரம்பித்தார்கள்.

1983 கோடையில் கண்டது

அந்த வருடம் வசந்தத்தில் நல்ல மழை, ஆற்றில் வரத்து அதிகம். அதன்பின் வெயில் ஏறி வரத்து சுருங்கியது. கோடையின் நடுவில் வாஷிங்டனுக்குக் கீழே நீர் பச்சையாகத் தொடங்கியது. சில வாரங்களில் மைக்ரோசிஸ்டிஸ் ஆற்றின் நீண்ட பகுதியை மூடியது. நீரில் பாசி எவ்வளவு என்பதைக் குளோரோஃபில் அளவு காட்டும். அது லிட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டி, சில இடங்களில் 200க்கும் மேல் போனது. இந்தப் பாசியின் செல்களுக்குள் காற்றுப்பைகள் உண்டு. காற்றில்லாத நாளில் எல்லாம் மேலே மிதந்து வந்து, பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல் ஏடு கட்டும். கரையோரம் ஒதுங்கி அழுகினால் நாற்றம் தாங்காது. இலையுதிர் காலத்தில் குளிர் வந்த பிறகுதான் அடங்கியது.

அதிர்ச்சிக்குக் காரணம் பாசி மட்டுமில்லை. ஆற்றின் நிலையை முன்கூட்டிச் சொல்வதற்கென்று கணினி மாதிரி ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். நிலையங்கள் வெளியேற்றும் பாஸ்பரஸையும் வானிலையையும் கொடுத்தால் எவ்வளவு பாசி வரும் என்று அது சொல்ல வேண்டும். 1983இல் வந்த பாசி அது சொன்ன அளவைவிட மிக அதிகம். எங்கிருந்தோ பாஸ்பரஸ் வந்திருக்கிறது, எங்கிருந்து என்பது கணக்கில் இல்லை.

சந்தேகங்கள்

முதல் சந்தேகம் நிலையத்தின் மேல் விழுந்தது. இயல்புதான். ஆனால் பதிவேடுகளைப் பார்த்தபோது, பாசி வந்த மாதங்களில் நிலையத்திலிருந்து போன பாஸ்பரஸ் குறைவாகத்தான் இருந்தது. அந்தக் குற்றச்சாட்டு அதோடு போனது.

அடுத்தது வசந்த கால வெள்ளம். மேல்மடையில் விவசாய நிலங்கள் அதிகம். வெள்ளம் மண்ணையும் உரத்தையும் கொண்டுவந்திருக்கும். இதில் உண்மை உண்டு. ஆனால் வெள்ளம் வடிந்து பல வாரம் கழித்துத்தான் பாசி உச்சத்துக்குப் போனது.

மூன்றாவது, தள்ளிவைத்த நைட்ரஜன். இந்த வாதம் பலமானது. மைக்ரோசிஸ்டிஸால் காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தனக்காக எடுத்துக்கொள்ள முடியாது, நீரில் கரைந்ததுதான் அதற்குக் கதி. எனவே நைட்ரஜனை நீக்கியிருந்தால் இது வந்திருக்காது என்றார்கள் ஒரு சாரார். நைட்ரஜனை மட்டும் குறைத்தால், காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய வேறு நீலப்பச்சைப் பாசி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார்கள் எதிர்த் தரப்பில். இரண்டு பக்கமும் ஆற்றியலாளர்கள்தான், இரண்டு பக்கமும் காரணம் இருந்தது.

இன்னொரு பேச்சும் இருந்தது, எனக்கு அதுதான் ஆபத்தானதாகப் படுகிறது. பாஸ்பரஸுக்காக இவ்வளவு கொட்டியும் பாசி வந்துவிட்டது என்றால், பாஸ்பரஸ் நீக்கமே வீண் என்ற பேச்சு. வாய்க்கு எளிதாக வரும் முடிவு அது. அந்த ஒரு கோடையை வைத்து ஃபெரிக் குளோரைடுச் செலவைக் குறைத்திருந்தால் பின்னால் கிடைத்த எதுவும் கிடைத்திருக்காது.

சேற்றில் இருந்த விடை

காரணத்தைக் கண்டறிய வெளியிலிருந்து நிபுணர் குழு ஒன்றை அமைத்தார்கள். 1985இல் அதன் அறிக்கை வந்தது. ஒரே காரணம் என்று எதையும் குழு சொல்லவில்லை. வெள்ளம், பின்னர் குறைந்த வரத்து, வெப்பம் ஆகியவை சேர்ந்து தொடக்கி வைத்தன. ஆனால் அந்தப் பெருக்கைத் தாங்கிப் பிடித்த பாஸ்பரஸ் ஆற்றின் அடிச் சேற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றது.

பல பத்தாண்டுகளாக நகரம் கொட்டிய பாஸ்பரஸ் எல்லாம் எங்கும் போய்விடவில்லை. பெரும்பகுதி அடிச் சேற்றில் இரும்போடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுத்திகரிப்புத் தொட்டியில் நாம் ஃபெரிக் குளோரைடு ஊற்றிச் செய்கிற அதே வேலையை, சேற்றிலிருக்கும் இரும்பு தானாகச் செய்து வைத்திருந்தது. சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால்தான் இந்தப் பிடி விடும் என்பது பாடப்புத்தகச் செய்தி. போடோமாக்கின் இந்தப் பகுதி ஆழமில்லாதது, ஆக்சிஜனும் இருந்தது. அதனால் சேறு பாஸ்பரஸை விடாது என்று நினைத்திருந்தார்கள்.

விட்டது, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மூலமாக. பாசி பகலில் ஒளிச்சேர்க்கைக்காக நீரிலிருக்கும் கார்பன் டையாக்சைடை எடுத்துக்கொள்ளும். அது குறையக் குறைய நீரின் காரத்தன்மை ஏறும். சாதாரணமாக 7க்கும் 8க்கும் நடுவில் இருக்கிற பிஎச், பாசி அடர்ந்திருந்தால் பிற்பகலில் 9ஐத் தாண்டும், சில நேரம் 10ஐத் தொடும். அவ்வளவு காரமான நீர் சேற்றின் மேல் படியும்போது, இரும்பின் மேல் பாஸ்பேட் உட்கார்ந்திருந்த இடத்தை ஹைட்ராக்சைடு பிடித்துக்கொள்கிறது. பாஸ்பேட் கழன்று நீருக்கு வருகிறது. அதைத் தின்று பாசி பெருகும். பெருகிய பாசி பிஎச்சை இன்னும் ஏற்றும். சேறு இன்னும் விடும்.

பின்னர் நடந்த ஆய்வகச் சோதனைகள் இதை உறுதிப்படுத்தின. ஆற்றின் அடிச் சேற்றைக் கலையாமல் குழாயோடு உருளையாக வெட்டி எடுத்து வந்து, மேலிருக்கும் நீரின் பிஎச்சைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தார்கள். பிஎச் 9.5ஐ எட்டியதும் பாஸ்பரஸ் வெளியேற்றம் நன்றாகக் கூடியது, அதுவும் ஆக்சிஜன் இருக்கும்போதே.

காலையில் மட்டும் மாதிரி எடுத்தால் இது கண்ணில் படாது. இரவு முழுக்கப் பாசி சுவாசித்து கார்பன் டையாக்சைடைத் திரும்ப விட்டிருக்கும். விடியலில் பிஎச் ஒழுங்காகத் தெரியும். ஆற்றுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பிற்பகல் அளவீடுதான் காட்டும்.

அதன் பிறகு எடுத்த முடிவு

பாஸ்பரஸ் வரம்பைத் தளர்த்தவில்லை. சேற்றிலிருப்பது பழைய பாக்கி, புதிதாகக் கடன் சேர்க்காமல் இருந்தால் அது ஒருநாள் தீரும் என்ற கணக்கில் உறுதியாக நின்றார்கள். வெள்ளம் புது மண்ணைக் கொண்டுவந்து பழைய சேற்றைப் புதைக்கும், கொஞ்சம் கீழ்நோக்கி அடித்துக்கொண்டும் போகும். ஆனால் எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், அப்படியொரு முடிவில் நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

நிலையத்துக்கு வருகிற பாஸ்பரஸையே குறைக்கும் வேலையும் நடந்தது. சலவைத்தூளில் பாஸ்பேட் சேர்ப்பதை மேரிலாந்து 1985இல் தடைசெய்தது. வாஷிங்டன் 1986இலும் வர்ஜீனியா 1988இலும் தொடர்ந்தன. வீட்டிலிருந்து வருவதே குறைந்தால் தொட்டியில் ஊற்ற வேண்டிய ஃபெரிக் குளோரைடு குறையும், கசடும் குறையும்.

நைட்ரஜன் வேறு வழியில் திரும்பி வந்தது. போடோமாக் போய்ச் சேர்வது செசபீக் விரிகுடாவில். அங்கே உவர்நீரில் பாசியைத் தூண்டுவதில் நைட்ரஜனின் பங்கு பெரியது. 1983 டிசம்பரில் மாநிலங்களும் மத்திய அரசும் விரிகுடாவைக் காப்பாற்ற ஒப்பந்தம் செய்தன. 1987இல், 2000க்குள் சத்து வரத்தை 40 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ப்ளூ ப்ளெயின்ஸில் 1996இல் பாதி நிலையத்தில் நைட்ரஜன் நீக்கத்தைச் சோதித்தார்கள். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு உணவாக மெத்தனால் கொடுத்தால், அவை நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாகக் காற்றில் விட்டுவிடும். 2000இல் முழு நிலையத்துக்கும் விரித்தார்கள். 2010களில் இன்னும் ஆழமான நைட்ரஜன் நீக்கத்துக்கென்று பெரிய விரிவாக்கம் நடந்தது.

ஆற்றில் நடந்தது

1983இல் பாசி மூடிய அதே வருடம், பலர் கவனிக்காத இன்னொன்றும் நடந்தது. பல பத்தாண்டுகளாக ஆற்றின் இந்தப் பகுதியில் இல்லாமல் போயிருந்த நீர்மூழ்கித் தாவரங்கள் திரும்பி முளைத்தன. முன்னால் வந்தது ஹைட்ரில்லா. நம் குளங்களிலும் கிடக்கிற வேலம்பாசிதான், அங்கே அந்நியத் தாவரம். படகுக்காரர்கள் கொதித்தார்கள், இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொள்கிறது என்று. களைக்கொல்லி அடிக்கச் சொன்னவர்களும் உண்டு. கடைசியில் படகுத்துறைகளிலும் வழித்தடங்களிலும் மட்டும் இயந்திரத்தால் வெட்டி எடுப்பது, மற்ற இடங்களில் விட்டுவிடுவது என்று முடிவானது.

அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் படுகைகள் அலையைத் தணித்தன, மிதக்கும் மண்ணைப் படிய வைத்தன, மீன்குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம் கொடுத்தன. நீர் தெளிந்தது. தெளிந்த நீரில் உள்ளூர்த் தாவரங்களுக்கு ஒளி கிடைத்தது. 1990 முதல் 2007 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த ஒரு நீண்டகால ஆய்வு 2010இல் வெளியானது. தாவரங்களின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. உள்ளூர் இனங்கள் பத்து மடங்கு கூடியிருந்தன, ஹைட்ரில்லாவின் பங்கு சுருங்கியிருந்தது. நீரில் சத்துகள் குறைந்ததோடு இந்த மாற்றத்தை அந்த ஆய்வு நேரடியாகத் தொடர்புபடுத்தியது.

சேற்றின் பாக்கி தீர எவ்வளவு காலம் ஆனது என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. வாஷிங்டனுக்குக் கீழே வர்ஜீனியா கரையில் கன்ஸ்டன் கோவ் என்ற சிறு விரிகுடா. அதில் கலக்கிற வேறொரு நிலையம் 1980களின் தொடக்கத்திலேயே பாஸ்பரஸைக் கடுமையாகக் குறைத்துவிட்டது. 1984 முதல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தொடர்ந்து அளந்து வருகிறார்கள். பாசி தெளிவாகக் குறைந்ததும், நீர்த்தாவரங்கள் பரவலாகத் திரும்பியதும் 2000களில்தான். குழாயை மூடி 20 வருடம் கழித்து.

1983இன் வீச்சில் மைக்ரோசிஸ்டிஸ் பெருக்கு அந்த ஆற்றில் திரும்ப வரவில்லை.

எதை மாற்றிச் செய்ய வேண்டும்

சேற்றை முதலிலேயே அளந்திருக்க வேண்டும். 100 கோடி டாலர் செலவழித்த திட்டத்தில், ஆற்றின் அடியில் எவ்வளவு பாஸ்பரஸ் கிடக்கிறது, எந்த நிலைமையில் அது வெளியேறும் என்ற கேள்விக்கு ஒதுக்கியது மிகக் குறைவு. சேற்று மாதிரி எடுப்பது பெரிய செலவில்லை. அந்த எண்ணிக்கை கையில் இருந்திருந்தால், 1983 பாசி யாருக்கும் அதிர்ச்சியாக இருந்திருக்காது. நிலையத்தின் மேலும் தேவையில்லாத பழி விழுந்திருக்காது.

ஆற்றில் மாதிரி எடுக்கிற நேரத்தை மாற்ற வேண்டும். பிஎச்சும் ஆக்சிஜனும் பகலில் ஏறி இரவில் இறங்குபவை. நாள் முழுவதும் தானாகப் பதிவுசெய்யும் கருவி இல்லாத இடத்தில், விடியலில் ஒன்று, பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு ஒன்று என்று இரண்டு மாதிரிகளாவது எடுக்க வேண்டும்.

நைட்ரஜனைத் தள்ளிவைத்தது நிலையத்துக்கு எதிரில் இருக்கிற நன்னீரை மட்டும் பார்த்து எடுத்த முடிவு. நீர் போய்ச் சேருகிற இடம்வரை கணக்கில் எடுத்திருந்தால், 1996இல் தொடங்கியதைப் பத்து பதினைந்து வருடம் முன்னாலேயே திட்டமிட்டிருக்கலாம். அன்றைய தொழில்நுட்பத்தையும் செலவையும் பார்த்தால் அவர்கள் தயங்கியது புரிகிறது. ஆனால் தள்ளிவைத்த முடிவுக்கு மறுபரிசீலனைத் தேதி ஒன்று எழுதி வைத்திருக்கலாம்.

வருடம் குறித்து வாக்குக் கொடுத்ததையும் இதில் சேர்க்கிறேன். 1975க்குள் நீந்தலாம் என்றார்கள். 1971இல் வாஷிங்டன் நகரம் தன் ஆறுகளில் நீந்துவதற்குத் தடையே விதித்தது. நிலையத்தின் வெளியேற்றத்துக்குத் தேதி வைக்கலாம், அது மனிதர் கையில் இருக்கிறது. ஆறு தேறுவதற்குத் தேதி வைத்தால், அது தாமதிக்கிற ஒவ்வொரு வருடமும் நல்ல திட்டத்துக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

நீந்த முடியாததற்குக் காரணம் பாசி இல்லை. வாஷிங்டனின் பழைய பகுதிகளில், நகரப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் அந்தக் குழாய்கள் நிரம்பி, நிலையத்துக்கு வராமலேயே ஆற்றில் வழிந்துவிடும். உள்ளே வராத நீரை நிலையம் எவ்வளவு திறமையாக இயங்கினாலும் சுத்தம் செய்ய முடியாது. இதற்காக 2005இல் நீதிமன்ற உடன்படிக்கை ஏற்பட்டு, மழைநேர வழிவைத் தேக்கி ப்ளூ ப்ளெயின்ஸுக்குக் கொண்டுவரும் ஆழமான சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கினார்கள். போடோமாக்கில் கலக்கும் அனகாஸ்டியா ஆற்றுக்கான முதல் பகுதி 2018இலும், மீதி 2023இலும் இயக்கத்துக்கு வந்தன. போடோமாக் கரைக்கான சுரங்கம் இந்த வரிசையில் கடைசி.